இரண்டு விழுக்காடும் உள்ளூர்ச் சங்கமும்: நிறுவனச் சமூகப் பொறுப்பு விதிகள் குறித்து ஒரு வாதம்

நிறுவனங்கள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிய நிறுவனம், கடந்த 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014-15இல் இவ்வகையில் செலவானது ஏறத்தாழ 10,000 கோடி; 2022-23இல் அது 30,000 கோடியை நெருங்கிவிட்டது. இப்படிக் கட்டாயப்படுத்திப் பெறுவது அறமாகுமா என்று பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அந்த வழக்கை இங்கே மீண்டும் எடுக்கவில்லை. ஒரு குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்தும், ஒரு வட்டத்துக்குள் கண்மாய் தூர்வாரும் சிறிய சங்கத்தின் கைக்கு இந்தப் பணம் ஏன் அரிதாகவே வருகிறது என்பதே என் கேள்வி. கொடுப்பவரின் மனத்தில் காரணம் தேடுவதைவிட விதிகளில் தேடுவது பயன்தரும். விதியில் இல்லாததை இருப்பதாகக் கொண்டு நடக்கும் அலுவலக வழக்கத்திலும் தேட வேண்டும்.

சட்டம் உள்ளூரை மறந்துவிடவில்லை. நிறுவனம் தான் இயங்கும் இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 135(5) சொல்கிறது. ஆனால் 2021 ஆகஸ்டில் மத்திய நிறுவன விவகார அமைச்சகம் வெளியிட்ட விளக்கச் சுற்றறிக்கை, இது வழிகாட்டுதலே, கட்டாயம் அன்று என்றது. தேசிய முன்னுரிமைகளோடு சேர்த்துச் சீர்தூக்கிக்கொள்ளுமாறும் கூறியது. இதில் நியாயம் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்துக்கு உள்ளூர் எது என்பது தெளிவு. நாடெங்கும் கிளை வைத்திருக்கும் வங்கிக்கு எது உள்ளூர்? மேலும், ஆலை இருக்கும் இடத்துக்கே பணம் போக வேண்டுமென்றால் ஒரகடமும் ஓசூரும் பெறும். 2018இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இராமநாதபுரமும் விருதுநகரும் காத்திருக்கும். ஆகவே ஆலைவாசலிலிருந்து தூரம் அளப்பதை நான் ஆதரிக்கவில்லை. பணம் எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊரில் வேரூன்றிய அமைப்பின் வழியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சட்டம் கேட்கவே இல்லை.

வணிகத்திலிருந்து பொதுப்பணிக்கு ஒரு பங்கு எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தென்மாவட்டங்களின் நாடார் வணிகர்கள் சரக்கின் மீது மகமை வாங்கி, தங்கள் சாதிச் சங்கமான உறவின்முறையின் பொறுப்பில் வைத்து, பள்ளியும் சத்திரமும் கிணறும் அமைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகரில் தோன்றிய, பின்னர் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசியும் திரட்டினார்கள். இதைப் பொற்காலமாக்கத் தேவையில்லை: மகமையின் எல்லை பெரும்பாலும் சாதியின் எல்லை. ஊரின் மற்றவர்களுக்கு அதில் உரிமையோ கேள்வி கேட்கும் வாய்ப்போ இல்லை. 135ஆம் பிரிவு அந்த வேலியை அகற்றியது பெரிய முன்னேற்றம். ஆனால் மகமையில் இருந்த ஒன்று இன்றைய ஏற்பாட்டில் இல்லை. அன்று பணம் ஆண்டுக் கணக்கோடு தீர்ந்துபோகாமல் பொதுநிதியாக நின்றது. அதைச் செலவிட்டவர்கள் அதே தெருவில் இருந்தார்கள்.

முதல் தடை தகுதி விதி. 2021 ஜனவரி 22இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, நிறுவனம் தானே செலவு செய்யலாம். அல்லது வருமான வரிச் சட்டப்படி 12ஏ, 80ஜி பதிவுள்ள அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கற்ற 8ஆம் பிரிவு நிறுவனம் ஆகியவற்றின் வழியே செய்யலாம். நிறுவனமே தொடங்கிய அறக்கட்டளைக்கு முன் அனுபவம் தேவையில்லை. அரசு தொடங்கிய அமைப்புக்கும் தேவையில்லை. வேறு எவருக்கும் அதேபோன்ற பணியில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். அதாவது, நேற்றுப் பதிவான நிறுவன அறக்கட்டளை இன்று கோடிகளைக் கையாளலாம். தெருவில் இரண்டு ஆண்டு வகுப்பு நடத்திய சங்கம் ஒரு லட்சத்துக்கும் தகுதியற்றது. மோசடியைத் தடுக்கவே இந்த விதி என்பார்கள். மோசடி அச்சம் உண்மையானால், தன் பணத்தைத் தன் அறக்கட்டளைக்கே மாற்றுகிற இடத்தில்தான் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும். விதி அங்கே தளர்ந்தும் இங்கே இறுகியும் நிற்கிறது.

இதோடு, பணம் பெறும் அமைப்பு 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தந்து பதிவெண் பெற வேண்டும். அதில் டிஜிட்டல் கையொப்பமும் ஆடிட்டர் அல்லது கம்பெனி செயலாளர் போன்றவரின் சான்றும் வேண்டும். சென்னையில் அலுவலகம் உள்ள பெரிய தொண்டு நிறுவனத்துக்கு இது அரைநாள் வேலை. திருவாடானையில் பள்ளி ஆசிரியரையே செயலாளராகக் கொண்ட சங்கத்துக்கு அப்படியில்லை. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பெரிய அமைப்புகள் தாம் பெற்றதைச் சிறியவற்றுக்குப் பிரித்துத் தருவதைத் தடை செய்துவிட்டதால், அந்தப் பக்கவழியும் அடைபட்டிருக்கிறது.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. அதற்கு விதியை எழுதியவர்களைக் குறைசொல்ல முடியாது. நிர்வாகச் செலவு மொத்தச் செலவில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் நிர்வாகச் செலவு என்று விதி வரையறுப்பது, நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பிரிவைப் பொதுவாக நடத்த ஆகும் செலவை. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அதே வரையறை வெளிப்படையாகச் சொல்கிறது. நடைமுறையில் பல நிறுவனங்கள் இந்த 5 விழுக்காட்டைப் பெறுபவரின் வரவுசெலவுத் திட்டத்தின் மீது அப்படியே போர்த்துகின்றன.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். மாலை வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் நல்கை என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆசிரியைகளுக்கு மதிப்பூதியம், வாடகை, மின்கட்டணம், நோட்டுகள், பிள்ளைகளுக்குச் சுண்டல். இவை திட்டச் செலவாக ஏற்கப்படும். மீதி 30,000 ரூபாயில் ஆண்டு முழுக்கக் கணக்கு எழுத ஆள் வைக்க வேண்டும், ஆடிட்டருக்குக் கட்டணம் தர வேண்டும், காலாண்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். அறிக்கை கேட்பது நிறுவனம். அறிக்கை எழுதுபவருக்குச் சம்பளம் இல்லை என்பதும் நிறுவனம். ஆகவே வகுப்பெடுக்க வேண்டிய ஆசிரியை சனி ஞாயிறுகளில் ரசீதுகளை எண் வரிசையில் ஒட்டிக்கொண்டிருப்பார். தாக்க மதிப்பீடும் இப்படித்தான். சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ செலவிடக் கடமைப்பட்ட நிறுவனம், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டுமே அதைச் செய்ய வேண்டும் என்பது விதி. லட்சங்களில் நல்கை பெறும் சங்கத்திடம் அதே மாதிரி அறிக்கை கேட்பதற்குச் சட்டத்தில் அடிப்படை இல்லை. அது அலுவலகப் பழக்கம், அவ்வளவே.

மூன்றாவது, நாட்காட்டி. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. முந்தைய ஆண்டின் கணக்கு முடிந்து, வாரியம் தொகையை உறுதிசெய்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் தவணை வருவதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்திருக்கும். பயன்பாட்டுச் சான்றிதழை மார்ச்சுக்குள் தர வேண்டும். நடுவில் சம்பளமில்லாத மாதங்களை ஆசிரியைகள் பொறுத்துக்கொள்கிறார்கள், அல்லது விலகிவிடுகிறார்கள். சட்டமோ தொடங்கிய ஆண்டை விட்டு மேலும் 3 ஆண்டு வரை நீளும் தொடர் திட்டத்தை அனுமதிக்கிறது. செலவாகாத தொகையை 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டால் போதும். தொடர் திட்டம் அல்லாததில் மிச்சமானால் 6 மாதத்துக்குள் 7ஆம் அட்டவணையில் சொல்லப்பட்ட நிதியங்களுக்குக் கட்ட வேண்டும். தவறினால் கட்ட வேண்டிய தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி, இவற்றில் எது குறைவோ அது அபராதம். இந்த அபராதம் வருவதற்கு முன் ஏன் செலவிடவில்லை என்று அறிக்கையில் விளக்கினாலே போதுமாக இருந்தது. பயம் வந்தபின் வாரியங்கள் பாதுகாப்பான ஒரே பெரிய காசோலையை நாடுவது இயல்பே. நூறு சிறு சங்கங்களின் சான்றிதழ்களுக்காக மார்ச்சில் காத்திருக்க எந்த நிதி அலுவலர்தான் விரும்புவார்?

எதிர்வாதம் ஒன்று வலுவானது. சிறு சங்கங்களில் கணக்கு ஒழுங்கில்லை, ஒருவரை நம்பியே இயங்குகின்றன, அவர் ஊரைவிட்டுப் போனால் வேலை நின்றுவிடும் என்பார்கள். பெருமளவு உண்மை. ஆனால் கணக்கருக்குச் சம்பளம் மறுத்துவிட்டு, கணக்கு ஒழுங்கில்லை என்பது வாதமாகாது. இரண்டாம் நபரைப் பயிற்றுவிக்கப் பணம் தராமல் ஒருவரையே நம்புகிறது என்பதும் அப்படியே.

சிறு நல்கைக்கு இயல்பான கொடையாளி பெரிய குழுமங்கள் அல்ல என்பதும் கவனத்துக்குரியது. சராசரி நிகர லாபம் 5 கோடி உள்ள நிறுவனத்தின் கடமை 10 லட்சம் ரூபாய். கடமை 50 லட்சத்தைத் தாண்டாத நிறுவனம் தனிக் குழுகூட அமைக்க வேண்டியதில்லை, வாரியமே முடிவெடுக்கலாம். கோயம்புத்தூரின் பம்பு, வார்ப்பட ஆலைகளிலும் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர்களிலும் இந்த அளவினர் உண்டு (கூட்டாண்மையாக இயங்குவோர் சட்டத்துக்குள் வருவதில்லை என்பது வேறு கதை). முதலாளிக்குப் பக்கத்துத் தெருச் சங்கத்தைத் தெரியும். ஆனால் அதற்குப் பதிவெண்ணோ 3 ஆண்டு அனுபவமோ இல்லாததால் பணம் தொலைவிலுள்ள பெரிய அமைப்புக்கோ தேசிய நிதியத்துக்கோ போகிறது.

மூன்று மாற்றங்களைப் பரிந்துரைக்கிறேன். பெறுபவரின் கணக்கு, நிர்வாகம், பயிற்சிக்கு ஆகும் நியாயமான பங்கைத் திட்டச் செலவாகவே நிறுவனங்கள் ஏற்க வேண்டும். மக்களோடு தொடரும் பணிகளைத் தொடர் திட்டமாக அறிவித்து, முதல் தவணையைப் பள்ளி திறக்கும் முன் தர வேண்டும். இவ்விரண்டுக்கும் வாரியத் தீர்மானம் போதும். மூன்றாவது, ஓர் அளவுக்கு உட்பட்ட நல்கைகளுக்கு 3 ஆண்டு அனுபவ நிபந்தனையை நீக்க வேண்டும். அதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2021இல் அந்த நிபந்தனையைத் திருத்தி எழுதியது போல, அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும்.