மர வேலை தெரியும்... சர்டிஃபிகேட் இருக்கா? ஃபர்னிச்சர் துறையில் திறமையை நிரூபிக்கும் வழிகள்!

ஸ்கூல் லீவில் அப்பாவின் பட்டறையில் இழைப்புளி பிடித்துத் தொழில் கத்துக்கிட்டவரா நீங்க? கட்டில், அலமாரி, மாடுலர் கிச்சன்னு எதைக் கொடுத்தாலும் அசால்ட்டா முடிப்பீங்க. ஆனால், பெரிய நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ வேலைக்கு விண்ணப்பித்தால், முதலில் கேட்பது பெரும்பாலும் சான்றிதழைத்தான். அது இல்லாமல் பல வருட அனுபவம் இருந்தும் தினக்கூலியிலேயே நிற்பவர்கள் நிறைய. உங்களுக்கு எந்த வழி செட் ஆகும்னு பாருங்க.

புதுசா படிக்கணுமா?

ஐ.டி.ஐ-யில் மர வேலைக்கான டிரேடு இருக்கிறது. எட்டாம் வகுப்பு பாஸ் போதும், ஓராண்டுப் படிப்பு. அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேர்ச்சி பெற்றால் என்.டி.சி எனும் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். பிறகு ஒரு நிறுவனத்தில் தொழிற்பழகுநராகச் சேர்ந்தால், மாதாமாதம் உதவித்தொகையோடு அனுபவமும் சேரும். எல்லா ஐ.டி.ஐ-யிலும் இந்த டிரேடு இருக்காது. விண்ணப்பிக்கும் முன் விசாரிச்சுக்கோங்க.

வேலை ஏற்கெனவே தெரியுமா?

மறுபடி முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறைக்கு ஆர்.பி.எல் என்று பெயர். மத்திய அரசின் கௌஷல் விகாஸ் திட்டத்தில் இது உண்டு. சின்ன அறிமுகப் பயிற்சி, பிறகு மதிப்பீடு, அவ்வளவுதான். மர ஃபர்னிச்சர் கார்பென்டர், மாடுலர் ஃபர்னிச்சர் ஃபிட்டர் போன்ற பணிகளுக்கான தரத்தை வகுப்பது ஃபர்னிச்சர் அண்ட் ஃபிட்டிங்ஸ் ஸ்கில் கவுன்சில். இப்போது எங்கே பேட்ச் நடக்கிறது என்பதை ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் தளத்தில் தேடிப் பாருங்க.

டெஸ்ட்டில் எங்கே சறுக்கும்?

கை வேலையில் புலியாக இருப்பவர்களும் டிராயிங்கில் தடுமாறலாம். நம்ம பட்டறைக் கணக்கு இன்ச், நூல். டிராயிங்கில் இருப்பதோ மில்லிமீட்டர். ஒரு இன்ச் 25.4 மி.மீ, ஒரு நூல் சுமார் 3 மி.மீ. இதை இப்பவே பழகிடுங்க. ஃபிரேம் செய்து முடித்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்க. அளவு ஒன்றாக இருந்தால்தான் சதுரம் சரி. செருப்போடு மெஷின் முன் நிற்கும் பழக்கத்தையும் விடுங்க, பாதுகாப்பையும் கவனிப்பாங்க.

போன்தான் உங்க சாட்சி

பாலிஷ் போட்ட பிறகு எல்லா மேஜையும் அழகுதான். வேலை தெரிந்தவர் பார்ப்பது இணைப்பை. அதனால் அளவு குறித்த டிராயிங், அறுத்த மரம், பசை போடும் முன் பொருத்திய ஜாயின்ட், முடிந்த பொருள் என நான்கு கட்டங்களையும் படம் எடுங்க. டிராயர் சிக்காமல் மூடுவதைப் பத்து விநாடி வீடியோவாக எடுங்க. என்ன மரம், எத்தனை நாள் வேலை, அதில் உங்க பங்கு என்ன என்று கீழே எழுதுங்க. மற்றவர் செய்ததை உங்களுடையதாகப் போடாதீங்க. நேர்காணலில் இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும்.

உஷார்!

'டெஸ்ட் வேண்டாம், பணம் கட்டினால் சர்டிஃபிகேட்' என்று யாராவது சொன்னால் அப்படியே நகர்ந்துடுங்க. உளியைக் கையில் கொடுத்து, 'செஞ்சு காட்டு' என்று சொல்லும்போது அந்தப் பேப்பர் உதவாது. சான்றிதழும் வேணும், அதற்குப் பின்னால் வேலையும் நிக்கணும்!