தளமடைவு வீதம்: ஓர் எண்ணின் வரலாறு

கிரிக்கெற் ஆட்டத்தின் ஓட்டப் பதிவேட்டிலே 'உதிரிகள்' என்றொரு நிரை உண்டு. பந்துவீச்சாளன் துடுப்புக்கு எட்டாதவாறு அகலப் பந்து வீசினால் அணிக்கு ஓர் ஓட்டம் சேரும். துடுப்பாடுபவன் பெயரில் எதுவும் சேராது. திருக்கோவிற் கடற்கரையில் ரெனிஸ் பந்து கொண்டு ஆடும் சிறுவரும் இவ்வழக்கை அறிவர். அதன் நியாயத்தை எவரும் வினவுவதில்லை. பிழை வீசியவனுடையது, ஆடியவனுக்கு அதில் என்ன பங்கு? எளிதாகத் தோன்றும் இந்நியாயம் கடல் கடந்து வேறோர் ஆட்டத்துட் புகுந்து, அதன் கணக்கை ஏறத்தாழ நூறாண்டு காலம் திரித்து வைத்திருந்தது. அவ்வாட்டம் அமெரிக்கரின் பேஸ்போல்.

பேஸ்போலைக் கண்டிராதவர் இலங்கையின் எல்லே ஆட்டத்தை நினைவிற் கொள்ளலாம். இரண்டிலும் பந்தை அடித்தவன் சுற்றி ஓடுகிறான். பேஸ்போலில் நான்கு தளங்கள். நான்கையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்ததும் அணியின் முறை முடியும். ஒன்பது முறைகள் கொண்ட ஆட்டத்தில் 27 ஆட்டமிழப்புகளே ஓர் அணியின் கைம்முதல். எறிபவன் குறித்த எல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகளை எறிய, துடுப்பாளன் அவற்றை அடிக்காது விடுவானாயின், அவன் முதலாந் தளத்துக்கு நடந்தே செல்லலாம். இதனை 'நடை' என்பர். ஓரடி அடித்து ஓடியவனும் நடந்து சென்றவனும் ஈற்றில் நிற்பது அதே தளத்திலேதான்.

இவ்வாட்டத்துக்குக் கணக்கு வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரிற் பிறந்து, 1837இல் குடும்பத்துடன் புறூக்ளினிற் குடியேறியவர். (பொதுச் சுகாதார வரலாறு கற்போர் அறிந்த எட்வின் சாட்விக் இவருடைய தந்தைவழி மூத்த சகோதரர். தொழிலாளரின் சுகாதார நிலை பற்றி 1842இல் அறிக்கை தந்தவர் அவரே. எண்களைத் திரட்டும் ஆர்வம் குடும்பச் சொத்துப் போலும்.) ஹென்றி, பேஸ்போலுக்கு வருமுன் கிரிக்கெற் ஆட்டங்களைப் பத்திரிகைகளுக்கு எழுதிவந்தவர். ஆதலின் கிரிக்கெற்றின் கண் கொண்டே புதிய ஆட்டத்தையும் நோக்கினார். நடையை அவர் எறிபவனின் பிழையாகவே கருதினார். அகலப் பந்துக்குரிய தீர்ப்பே அதற்கும் கிடைத்தது. வெற்றியடிகளைத் துடுப்பு வாய்ப்புகளால் வகுப்பதே துடுப்புச் சராசரி என நிலைபெற்றபோது, நடை மேலெண்ணிலும் இல்லை, கீழெண்ணிலும் இல்லை. துடுப்பாளன் அன்று ஆடவே வரவில்லை என்பது போலக் கணக்கு அமைந்தது.

சாட்விக் அறியத் தவறியது ஒன்றுண்டு. அகலப் பந்து பெரும்பாலும் தற்செயல், நடை அவ்வாறன்று. பொறுமையும் கூர்ந்த பார்வையும் உடையவன் ஆண்டுதோறும் அதனைப் பெறுகிறான், அவசரக்காரன் பெறுவதில்லை.

1887ஆம் ஆண்டில் இதனைத் திருத்த முயன்றனர். ஆனால் மறுகோடிக்கே சென்றுவிட்டனர். நடையை வெற்றியடியாகவே எண்ணுமாறு விதி செய்தனர். அவ்வாண்டு ரிப் ஓ'நீல் என்பாரின் சராசரி 0.492 ஆக உயர்ந்தது. நடைகளை நீக்கினால் அது 0.435. வீங்கிய எண்களை ஆட்டப் பிரியர் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே விதி கைவிடப்பட்டது. இரு வேறு ஆற்றல்களுக்கு இரு வேறு எண்கள் தேவை என்னும் எண்ணம் அப்போது எழவில்லை.

அதன் விலையை 1954இல் ரெட் வில்லியம்ஸ் செலுத்த நேர்ந்தது. போஸ்ரன் அணியின் அம்மாபெரும் துடுப்பாளர் அவ்வாண்டு 386 துடுப்பு வாய்ப்புகளில் 133 வெற்றியடிகள் பெற்றார், சராசரி 0.345. ஆயினும் முதலிடம் 0.341 பெற்ற பொபி அவிலாவுக்கே சென்றது. முதலிடத்துக்கு 400 துடுப்பு வாய்ப்புகள் வேண்டும் என்பது விதி. காறை எலும்பு முறிந்து சில வாரங்கள் ஆடாதிருந்ததும் ஒரு காரணமே. எனினும் அவர் பெற்ற 136 நடைகள் வாய்ப்பாக எண்ணப்பட்டிருப்பின் தகுதி பற்றிய வினாவே எழுந்திராது. எறிபவர் அஞ்சி விலக்கி எறிந்தமையே அவருக்குக் குற்றமாயிற்று. இம்முரண் கண்டனத்துக்குள்ளாகி, 1957 முதல் நடைகளும் தகுதிக் கணக்கிற் சேர்ந்தன.

அதே 1954இன் ஓகஸ்ற் மாதத்தில் பிராஞ்ச் றிக்கி 'லைஃப்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நிறத்தடையை உடைத்து ஜாக்கி றொபின்சனைப் புறூக்ளின் அணியிற் சேர்த்தவர் இவரே. இவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் மொன்றியலைச் சேர்ந்த அலன் றொத். தளமடைவதே துடுப்பாளனின் முதற் கடமை, அதனையே அளக்க வேண்டும் என அக்கட்டுரை வாதித்தது.

கணிப்பு முறை கடினமானதன்று. வெற்றியடிகள், நடைகள், எறிபந்து உடலிற் பட்டுத் தளம் பெற்றவை ஆகிய மூன்றையும் கூட்டுக. துடுப்பு வாய்ப்புகளுடன் அந்நடைகளையும் உடலிற் பட்டவற்றையும் தியாக அடிகளையும் கூட்டி, முன்னையதை அதனால் வகுக்க. தியாக அடியாவது, உயர அடித்துப் பிடிகொடுத்துத் தான் ஆட்டமிழந்து, தளத்தில் நிற்கும் தோழனை ஓட்டம் பெறச் செய்வது. வில்லியம்சின் 1941ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம்: 456 வாய்ப்புகள், 185 வெற்றியடிகள், 147 நடைகள், உடலிற் பட்டவை 3, தியாக அடிகள் அக்காலத்தில் வேறாக எண்ணப்படவில்லை. 335ஐ 606ஆல் வகுக்க 0.553. புகழ்பெற்ற துடுப்புச் சராசரியோ 0.406. முன்னைய எண்ணே, ஆடவந்த நூறு முறைகளில் 55 முறை அவர் தளமடைந்தார், 45 முறையே அணியின் கைம்முதலைச் செலவழித்தார் என்பதைக் காட்டுகிறது.

வில்லியம்ஸ் எந்த அளவுகோலிலும் பெரியவர். அளவுகோல் மறைத்த ஆட்டக்காரரே இங்கு கருதத்தக்கவர். எடி யோஸ்ற்றின் வாழ்நாட் சராசரி 0.254; சாதாரணன் என்று ஒதுக்கத்தக்க எண். 1,614 நடைகள் பெற்ற அவரது தளமடைவு வீதம் 0.394. பிற்காலத்தவரான பில் பக்னரின் சராசரி 0.289, தளமடைவு வீதம் 0.321 மட்டுமே. பழைய அளவில் முந்தியவர் புதிய அளவில் வெகுவாகப் பிந்துகிறார்.

இவ்வீதம் 1984இலேயே உத்தியோகபூர்வப் புள்ளிவிபரமாயிற்று. அதன் பின்னரும் சம்பளம் பேசுவோர் பழைய சராசரியையே பெரிதும் நோக்கினர். 2002இல் ஒக்லண்ட் அணி, பிறர் மலிவாக மதித்த, நடைபெறுந் திறனுடைய ஆட்டக்காரரைத் திரட்டியது. ஏறத்தாழ 40 மில்லியன் டொலர் சம்பளத்தில் அது 103 ஆட்டங்களில் வென்றது. மும்மடங்கு செலவிட்ட நியூயோர்க் யாங்கீஸ் அணி வென்றதும் 103. இச்செய்தியை மைக்கல் லூயிஸ் 2003இல் நூலாக்கினார். பின்னர் ஹேக்ஸ், சோவர் என்னும் பொருளியலாளர் இருவர் ஆட்டக்காரர் சம்பளங்களை ஆராய்ந்து 2006இல் முடிவு வெளியிட்டனர். தளமடையும் ஆற்றலுக்கு முன்பு உரிய ஊதியம் கிடைத்திலது. நூல் வெளிவந்த மறு ஆண்டான 2004க்குள் அக்குறை நீங்கிவிட்டது. அதற்குள் யோஸ்ற் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்று 40 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.