டோக்கியோ 1987: மதியச் சாப்பாட்டுக்குப் பின் போன கரண்ட்

கோடையில் கரண்ட் போனால் நாம் உடனே சொல்வது, "உற்பத்தி பத்தலை." 1987 ஜூலை 23 அன்று டோக்கியோவில் நடந்தது அந்தக் கணக்கில் வராது. வெயில் கொளுத்தியது உண்மை. ஆனால் மெகாவாட்டுக்குப் பஞ்சமில்லை.

அங்கே ஆபீஸ்களில் பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை சாப்பாட்டு நேரம். அப்போது மின்தேவை இறங்கும். ஒரு மணிக்கு எல்லோரும் சீட்டுக்குத் திரும்பியதும் ஏறும். தினமும் நடப்பதுதான். அன்று ஏறிய வேகம்தான் வேறு: நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாவாட்! டோக்கியோவின் மின் நிறுவனமான டெப்கோ, வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கக் கையிலிருந்த கெப்பாசிட்டர்களை எல்லாம் இணைத்துப் பார்த்தது. அப்படியும் 500 கிலோவோல்ட் லைன்களில் 1.15க்கு 460, 1.19க்கு 370 என்று வோல்டேஜ் சரிந்தது. துணை மின்நிலையங்கள் தாமாகவே கழன்றுகொண்டன. சுமார் 28 லட்சம் இணைப்புகள் இருளில்.

வோல்டேஜைத் தூக்கி நிறுத்துவது ரியாக்டிவ் பவர் என்ற தனிச் சரக்கு. மெகாவாட் போல இதைத் தொலைவிலிருந்து கொண்டுவர முடியாது, பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், நிலமும் பத்திரமும் நிறைய வைத்திருக்கும் வங்கி, ஒரே மதியத்தில் எல்லோரும் பணம் கேட்டு வந்து நின்றதால் கல்லாவில் ரொக்கமில்லாமல் கதவைச் சாத்திய கதை.

இதில் ஏ.சி.யின் பங்குதான் சுவாரசியம். லோ வோல்டேஜ் என்றால் குண்டு பல்பு மங்கும், ஃபேன் மெதுவாகும். அதாவது நமக்கே தெரியாமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். அப்போது வந்திருந்த புதுரக ஏ.சி.க்கள் விட்டுக்கொடுக்காத ஜாதி. வோல்டேஜ் குறைந்தால் கரண்டை அதிகமாக இழுத்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும். கரண்ட் கூடினால் லைனில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். அதற்கு ஏ.சி. இன்னும் இழுக்கும்... சில நிமிடங்களில் கதை முடிந்தது.

புது மின்நிலையம் என்றால் ரிப்பன் வெட்ட மந்திரி வருவார். கெப்பாசிட்டர் திறப்பு விழா என்று ஒரு போட்டோகூட நான் பார்த்ததில்லை :-)

மூன்றரை மணி நேரத்துக்குள் டோக்கியோவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. பிறகு டெப்கோ, மின்நிலையத்திலிருந்து வெளியேறும் லைனின் வோல்டேஜையே கவனித்துத் தானாக உயர்த்தும் கருவிகளை ஜெனரேட்டர்களில் பொருத்தியது.