உடையார்பாளையம் ஜமீன்

இன்றைய அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையத்தில் இருந்து ஆண்ட பாளையக்காரக் குடும்பம். காலாட்கள் தோழ உடையார் என்பது பட்டம். பெயருக்கு முன்னால் வரும் ‘கச்சி’ காஞ்சிபுரத்துப் பூர்விகத்தைக் காட்டுவது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் படையெடுப்புக்கு அஞ்சிக் காஞ்சியிலிருந்து எடுத்துச்செல்லப்பட்ட வரதராஜர் உற்சவமூர்த்திக்கு இங்கேதான் அடைக்கலம் கிடைத்தது. ஆபத்து நீங்கியும் மூர்த்தியைத் திருப்பித் தரப் பாளையக்காரருக்கு மனம் வரவில்லை. ஆற்காட்டு நவாபின் தளபதி தோடர்மால் தலையிட்ட பிறகு, 1710இல்தான் பெருமாள் ஊர் திரும்பினார். கைக்கு வந்ததை விடாத குணம் குடும்பத்தில் அப்போதே இருந்திருக்கிறது.

1765இல் ஆற்காட்டு நவாபிடம் பாளையம் வீழ்ந்தது. 1801இல் நவாபின் கர்நாடகப் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1817இல் சன்னது எனும் உரிமைப் பத்திரம் பெற்ற குடும்பம் ஜமீன்தாராக மறுபிறவி எடுத்தது. படை கலைந்தது, விளைச்சலில் ஜமீனுக்குரிய பங்கான மேல்வாரம் நிலைத்தது. உழுதவருக்கு எஞ்சிய பங்கான குடிவாரம் மட்டுமே.

அந்த மேல்வாரத்தில்தான் சங்கீதமும் வளர்ந்தது. கச்சி யுவரங்கர் ஆதரித்த கனம் கிருஷ்ணையர் அவர்மேல் பதங்கள் பாடினார், உ.வே.சாமிநாதையரின் தந்தை கிருஷ்ணையரிடம் பயின்றவர். ஜமீனின் பெயர் இன்று நல்லபடியாக நினைக்கப்படுவது இந்தக் கொடையால். அந்தக் கொடைக்கு நெல் அளந்த குடிகளின் பெயர் எந்தப் பதத்திலும் இல்லை.

ஏற்றத்தாழ்வு அரண்மனைக்குள்ளும் இருந்தது. பங்கு பிரிக்கக்கூடாத ஜமீன்களில் மூத்தவருக்குச் சொத்து, இளையவருக்குச் சீவனாம்சம். உடன்பிறந்தவர்களுக்கு இடையிலான வழக்குகள் இதனாலேயே மலிந்தன. உடையார்பாளையத்துக் குடும்ப வழக்கு 1905இல் பிரிவி கவுன்சில் வரை போனது. பிரிக்காத நிலம்தான் ஒரே குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு மேலே வைத்திருந்தது.

1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் மேல்வாரத்தை எடுத்துக்கொண்டு ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடு கொடுத்தது. சொந்தப் பண்ணை நிலத்துக்குப் பட்டாவும் கொடுத்தது. குடிவார உரிமை உள்ள ரயத்துகளும் பட்டாதாரர் ஆனார்கள். கூலிக்கு உழைத்தவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் ஜமீன் முறை இருந்த மாவட்டங்கள் விடுதலைக்குப் பின்னும் விவசாய முதலீட்டிலும் விளைச்சலிலும் பின்தங்கியதை அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் காட்டினார்கள். பிலிப்பைன்ஸில் ரொனால்ட் மெண்டோசா குழுவின் ஆய்வு தேர்தல் வம்சங்களைப் பற்றியது: லூசோன் தீவுக்கு வெளியே, வம்சங்களின் பிடி இறுகிய மாகாணங்களில் வறுமை கூடியது. ஒரே குடும்பத்தை மேலே வைத்திருக்க அங்கே வாக்குச்சீட்டு செய்த வேலையை உடையார்பாளையத்தில் சன்னது செய்தது.