ஆறில் ஐந்து

புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று சங்கச் செயலாளர் அண்ணை கேட்டபோது, கவிதை எனக்கு வராது, கணக்குத்தான் கொஞ்சம் வரும் என்று சொன்னேன். ஏ.எல். வர்த்தகப் பிரிவோடு என் படிப்பு முடிந்தது. இப்போது இங்கே ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் மாறி மாறி வேலை. ஆகையால் இதுவும் ஒரு கணக்குத்தான், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2025 பெப்ரவரி 23 ஆம் திகதி ஜேர்மன் பாராளுமன்றத் தேர்தல் நடந்ததல்லவா? அதற்குப் பிறகு ஒரு நாள் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது பெரிய வாக்குவாதம் வந்தது. எங்கள் டார்ம்ஸ்டாட் தொகுதியில் கூடுதல் வாக்கு எடுத்தவர் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி வேட்பாளர். ஆனால் அவருக்கு ஆசனம் கிடைக்கவில்லை. 2023 இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். ஒரு கட்சிக்கு இரண்டாவது வாக்கின் விகிதப்படி ஒரு மாநிலத்தில் எத்தனை ஆசனம் சேருமோ, அதற்கு மேல் தொகுதியில் வென்றவர்களும் போக முடியாது. அப்படி நாடு முழுக்க 23 பேர் வென்றும் வீட்டில் இருந்தார்கள்.

"வெண்டவன் வீட்டிலை. இது என்ன தேர்தல்?" என்று ஒருவர் சத்தம் போட்டார். பலரும் அவர் பக்கம். எனக்கும் முதலில் அது நியாயமாகத்தான் பட்டது.

மூலையில் இருந்த என் பெரியப்பா கோப்பையை வைத்துவிட்டு, "வெண்டவனுக்கே எல்லாத்தையும் தூக்கிக் குடுத்தா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. அதாலைதான் நான் இஞ்சை இருக்கிறன்" என்றார். அவர் 1980 யூலை வேலைநிறுத்தத்தில் அரசாங்க உத்தியோகத்தை இழந்தவர். தேர்தலுக்கும் ஸ்ரைக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றிரவு யோசித்தேன். பழைய முடிவுகளைத் தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

இலங்கையில் அந்தக் காலத்தில் பிரித்தானியர் விட்டுப்போன முறை. தொகுதியில் ஒரு வாக்குக் கூட எடுத்தாலும் ஆசனம் அவருக்கே; மற்றவர்களின் வாக்கெல்லாம் காற்றோடு போய்விடும். 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீத வாக்கு எடுத்தது, சிறீலங்கா சுதந்திரக் கட்சி 36.9 வீதம். கூட எடுத்தவர்களுக்கு 17 ஆசனம், குறைய எடுத்தவர்களுக்கு 91! (சுதந்திரக் கட்சி இடதுசாரிகளோடு கூட்டுச் சேர்ந்து எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) 1977 யூலை 21 இல் அதே தராசு மற்றப் பக்கம் சரிந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50.9 வீத வாக்கு, 168 இல் 140 ஆசனம். ஆறில் ஐந்து பங்கு. சுதந்திரக் கட்சிக்கு 29.7 வீத வாக்கு, 8 ஆசனம். சமசமாஜக் கட்சிக்கும் கொம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஒன்றும் இல்லை. தொழிலாளர்களுக்காகப் பாராளுமன்றத்தில் நாற்பது வருடமாகக் கத்தியவர்கள் ஒரேயடியாக வெளியே.

ஜேர்மனியில் போல விகிதப்படி பிரித்தால் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 86 ஆசனம் வந்திருக்கும். அரசாங்கம் அமைக்கலாம், ஆனால் யாப்பை மாற்ற 112 வேண்டும். சுதந்திரக் கட்சிக்கு 50 வந்திருக்கும். எங்கள் பக்கத்துக் கணக்கையும் மறைக்கக் கூடாது. தமிழர் விடுதலைக் கூட்டணி நாடளாவிய வாக்கில் 7 வீதத்துக்கும் குறைவாக எடுத்து 18 ஆசனம் பெற்றது. விகிதப்படி என்றால் 11 தான். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானதே அந்தப் பழைய முறையால்தான். எங்கள் ஆட்கள் அன்று அதைப் பெருமையாகக் கொண்டாடினார்கள். 140 க்கு முன்னால் 18 என்ன செய்யும் என்று அப்போது யார் யோசித்தது?

ஆறில் ஐந்தை வைத்து ஜே. ஆர். ஜெயவர்த்தனா என்ன செய்தார்? யாப்பைத் திருத்தி 1978 பெப்ரவரியில் தேர்தல் இல்லாமலே ஜனாதிபதியானார். செப்டெம்பரில் புதிய யாப்பே வந்தது. வேடிக்கை என்னவென்றால் விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்ததும் அதே யாப்புத்தான்.

1980 யூன் 5 இல் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பு நாள் நடத்தியபோது சோமபால என்ற தொழிலாளி குண்டர்களின் தாக்குதலில் கொல்லப்பட்டார். யூலையில் இரத்மலானை றயில்வே வேலைத்தளத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் மற்ற இடங்களுக்கும் பரவியது. கேட்டது மாதம் 300 ரூபா சம்பள உயர்வு. அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைப் போட்டு, இவை அத்தியாவசிய சேவை, வராதவர்கள் தாங்களாகவே பதவியை விட்டதாகக் கருதப்படுவார்கள் என்று அறிவித்தது. சுமார் 40,000 பேருக்கு வேலை போனது. "ரெண்டு கிழமையிலை திரும்பக் கூப்பிடுவாங்கள் எண்டுதான் நினைச்சம்" என்கிறார் பெரியப்பா.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. 1953 இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் நடந்தது. றயில் பாதைகளைக் கழற்றினார்கள், பஸ் ஓடவில்லை, மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். ஆனால் அந்தப் பாராளுமன்றத்தில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 இல் 54 தான், எதிரே பலமான இடதுசாரிகள். 140 பேரை வைத்திருக்கிற ஒருவருக்கு யாருக்குப் பயம்? சங்கங்களுக்குள் ஒற்றுமை இல்லாததும், வெளியில் வேலையில்லாப் பட்டாளம் காத்து நின்றதும் கூடக் காரணம்தான். இருந்தாலும் எனக்குப் பெரிய காரணமாகப் படுவது அந்த 140.

இங்கே 2023 மார்ச் 27 திங்கட்கிழமை ஜேர்மனி முழுக்க றயில் நின்றதே, ஞாபகம் இருக்கும். அன்று வேலைக்குப் போகப் பட்ட பாட்டில் ஸ்ரைக் செய்தவர்களை நானும் திட்டினேன். செவ்வாய்க்கிழமை அவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் வேலையில் நின்றார்கள். பெரியப்பா தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஒருத்தரையும் நிப்பாட்டேல்லையோ?"

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமையைப் பாராளுமன்றம் பறித்தது. 1982 டிசெம்பர் 22 இல், பொதுத்தேர்தலுக்குப் பதிலாக, இந்தப் பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கட்டுமா என்று சர்வசன வாக்கெடுப்பு. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாண மாவட்டம் குடத்துக்குப் போட்டது. நாடளாவிய ரீதியில் விளக்குக்கு 54.7 வீதம். அந்த 54.7 வீதத்தால் ஆறில் ஐந்து அப்படியே 1989 வரை நீண்டது. 1983 ஓகஸ்டில் முடிய வேண்டிய பாராளுமன்றம், யூலைக் கலவரம் முடிந்த கையோடு அதே ஓகஸ்டில் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் சனத்துக்குப் பாராளுமன்றத்தில் பேச அந்தப் 18 பேரும் இல்லை.

இந்த நாட்டு முறையிலும் குறை உண்டு. 5 வீதத் தடையால் 2025 இல் கிட்டத்தட்ட 14 வீத வாக்குகளுக்கு ஆசனமே இல்லை. மண்டபத்தில் சத்தம் போட்டவரின் கோபத்தையும் நான் பிழை என்று சொல்லமாட்டேன். எங்கள் தொகுதியில் முதலாவதாக வந்தவர் வெளியில்தான் நிற்கிறார். ஆனால் அவருடைய கட்சிக்குச் சேர வேண்டிய பங்கு குறையவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பாதி வாக்கு எடுத்தவன் ஆறில் ஐந்தை அள்ளிக்கொண்டு போக இங்கே வழியில்லை.

ஜே. ஆர். தான் கொண்டுவந்த விகிதாசார முறையில் தன் பதவிக் காலத்தில் ஒரு பொதுத்தேர்தலும் நடத்தவில்லை. முதல் தேர்தல் 1989 பெப்ரவரி 15 இல், பிரேமதாசா ஜனாதிபதியான பிறகு நடந்தது. கிழக்கு பேர்லின் வழியாக 1985 இல் வந்த பெரியப்பாவுக்கு அப்போது டார்ம்ஸ்டாட்டில் நாலாவது வருடம். வேலை போன கடிதத்தை அவர் இன்னும் பைலில் வைத்திருக்கிறார்.