மிளகுத் தண்ணீர் கடல் கடந்த கதை

யூல், பர்னெல் என்னும் அறிஞர் இருவர் தொகுத்து 1886ஆம் ஆண்டில் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் சொற்களஞ்சியத்தில் ‘முல்லிகாடானி’ என்றொரு சொல் உள்ளது. அதன் மூலம் தமிழின் ‘மிளகுத் தண்ணீர்’ என்று அந்நூல் தெளிவாகவே குறிக்கின்றது. மேலை நாட்டு உணவு விடுதிகளில் இப்பெயரில் இன்றும் ஒரு சூப்பு வழங்கப்படுகின்றது. ஆயினும் அதில் கோழியோ ஆட்டிறைச்சியோ சேர்ப்பதே பெருவழக்கு. பெயரை மட்டும் நம்பி அதனை வரவழைக்கும் மரக்கறி உணவினர் ஏமாற்றமடைவர். புலால் கலவாத நீருணவு இந்நிலையை அடைந்தது எவ்வாறு?

சங்க இலக்கியத்தில் மிளகுக்குக் ‘கறி’ என்றும் பெயருண்டு. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு முசிறிக்கு வந்து கறியொடு மீண்ட செய்தியை அகநானூறு கூறும். கோயிற் கல்வெட்டுகளில் இறைவனுக்குரிய படையல்களுள் மிளகமுதும் கறியமுதும் இடம்பெறுகின்றன. மிளகைக் குறித்த சொல், காலப்போக்கில் சமைத்த காயைக் குறித்தது. பின்னர்ப் பேச்சு வழக்கில் இறைச்சியையே குறிக்கலாயிற்று. சொல்லுக்கு நேர்ந்ததே பின்னாளில் சாற்றுக்கும் நேர்ந்தது.

அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்த்துக்கீசியர் வழியே இங்கு வந்து சேரும்வரை, காரத்துக்கு மிளகே தலைமை பெற்றிருந்தது. மிளகாய் என்னும் பெயரே மிளகின் பெயரால் அமைந்ததுதான். தக்காளியும் பின்வந்ததே.

1784ஆம் ஆண்டில், ஐதர் அலியிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கடற்படையினர் ஒருவர், பெங்களூர்ச் சிறையில் தமக்குக் கிடைத்த உணவைப் பாட்டில் நொந்துரைத்தார். அதில் கஞ்சியோடு மிளகுத் தண்ணீரும் சுட்டப்படுகின்றது. சிறைப்பட்டோர்க்குரிய எளிய உணவாகவே அவர் அதனைக் கண்டார் எனலாம். பின்னர் அதே நீர் ஆங்கிலேயர் விருந்து மேசையில் ஏறியது. சென்னை மாகாணத்து ஆங்கில அலுவலருக்கு ‘மல்’ என்னும் பட்டப்பெயரையும் ஈட்டித் தந்தது!

அவர்தம் விருந்தில் சூப்பு முதற்கண் தனியே பரிமாறப்படுவது. தமிழர் சாறோ சோற்றோடு கலந்துண்பதற்குரியது. அந்நீர்மை அவர்களுக்குப் போதவில்லை. ‘வைவெர்ன்’ என்னும் புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் 1878ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்ட சமையல் நூல் இம்மாற்றத்தை ஒளிவின்றி உரைக்கின்றது: தென்னாட்டார் சோற்றோடு உண்ட எளிய மிளகுநீரில், ஆங்கிலேயர் கோழியும் ஆட்டிறைச்சியும் சேர்த்து, மாவும் வெண்ணெயும் இட்டுத் தடிப்பாக்கினர். ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களில் மட்டும் ‘பெப்பர் வாட்டர்’ என்னும் பெயரில் பழைய தெளிந்த சாறு இன்றும் வாழ்கின்றது.

பாலும் நெய்யும் நீக்கிய தாவர உணவுக்கு ‘வீகன்’ என்னும் பெயர் இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டில் தோன்றியது. மிளகுநீர் அப்பெயருக்கும் உரியதாக, தாளிக்கும் நெய்க்கு மாற்றாக நல்லெண்ணெய் இட்டால் போதும். மேலை நாட்டுக் காய்கறிச் சூப்புகள் பெரும்பாலும் வெங்காயம், பூண்டு, கேரட் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டவை. கந்தமூலம் விலக்குவோர்க்கு அவை பயன்படா. நம் சாற்றுக்கோ அவை வேண்டுவதில்லை.

நால்வருக்குச் சுரைக்காய், அவரைக்காய், பூசணி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி 2 குவளை எடுத்து, 5 குவளை நீரில் குழைய வேகவைத்துப் பாதியை மசிக்க வேண்டும். நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றி, உப்பிட்டு, பச்சை வாடை நீங்கக் கொதித்தபின், வேகவைத்துக் கடைந்த துவரம்பருப்பு 2 மேசைக்கரண்டி சேர்க்கலாம். மிளகும் சீரகமும் வகைக்கு 1 தேக்கரண்டி அளந்து, கொரகொரப்பாக இடித்து இறுதியில் இடவேண்டும். முன்னரே இட்டால் மணம் குன்றும். நுரை கட்டியதும் இறக்கி, நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால், கதிரவன் மறையுமுன் பருகுதற்குரிய மாலையுணவு ஆயத்தம்.