138 நிமிஷத்துல ஹாம்பர்க்

1931 ஜூன் 21. ஜெர்மனியில பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் நடுவுல இருக்கிற ரயில் பாதை. பின்னாடி விமானம் மாதிரி ப்ரொப்பெல்லர் சுத்துற ஒரு வண்டி, மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்துல போகுது. ஃப்ரான்ஸ் க்ரூக்கன்பெர்க் உருவாக்கின 'ரயில் செப்பலின்'. உலக சாதனை! ஆனா பயணிகள் சேவைக்கு அது வரவே இல்ல. கூட ஒரு பெட்டி மாட்ட முடியாது. ஆள் நிக்கிற பிளாட்ஃபார்ம் பக்கத்துல திறந்த ப்ரொப்பெல்லர் சுத்தினா எப்படி இருக்கும்? நம்ம ஐடி பாஷையில சொன்னா, டெமோ சூப்பர், ப்ரொடக்ஷனுக்குப் போகல.

அதே பாதையில தினமும் ஓடினது வேற ஒண்ணு. பேரு 'ஃப்ளீகெண்டர் ஹாம்பர்கர்'. பசிக்க ஆரம்பிச்சிடாதீங்க, 'பறக்கும் ஹாம்பர்க்காரர்'னு அர்த்தம். ஜெர்மன் ரயில்வேக்காக 1932-ல கட்டின, ரெண்டே பெட்டி கொண்ட டீசல்-எலக்ட்ரிக் வண்டி.

அது என்ன டீசல்-எலக்ட்ரிக்? பைக்ல கிளட்ச்சை சட்டுனு விட்டா வண்டி ஆஃப் ஆயிடும்ல? எஞ்சின் சுத்திக்கிட்டே இருந்தாதான் அதுக்கு பலம். நிக்கிற சக்கரத்தோட நேரா இணைச்சா திணறிடும். பல டன் ரயில்ல இந்தப் பிரச்சினை இன்னும் பெருசு. அதனால டீசல் எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் சுத்தும். அந்த கரண்ட்ல ஓடுற மோட்டார்தான் சக்கரத்தைச் சுத்தும். மோட்டாருக்கு, நிக்கிற நிலையிலதான் இழுவை அதிகம். கியரும் வேண்டாம், கிளட்ச்சும் வேண்டாம்.

இந்த வண்டியில ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு மேபாக் எஞ்சின், 12 சிலிண்டர், தலா 410 குதிரைத்திறன். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் நடுவுலதான் இருக்கு. ரெண்டு பெட்டியும் சேருற இடத்துல, ரெண்டுக்கும் பொதுவா ஒரே சக்கரத் தொகுதி. மோட்டார்கள் அதுலதான். எடை மிச்சம், ஆட்டமும் கம்மி. காத்தைக் கிழிக்கிற முன்பக்க வடிவத்தை காற்றுச் சுரங்கத்துல வச்சு சோதிச்சாங்க. 160 கிலோமீட்டர் வேகத்துல போறதை நிறுத்தணுமே? வழக்கமான பிரேக்கோட, தண்டவாளத்தையே பிடிக்கிற காந்த பிரேக்கும் வச்சாங்க.

1933 மே 15-ல வழக்கமான சேவை ஆரம்பம். 286 கிலோமீட்டர், 138 நிமிஷம். கணக்குப் போட்டா சராசரி 124. காலையில பெர்லின்ல ஏறி, ஹாம்பர்க்ல வேலையை முடிச்சுட்டு, அதே வண்டியில அன்னைக்கே திரும்பிடலாம். ஆனா எல்லாராலயும் இல்ல. சுமார் 100 சீட்டுதான், அதுவும் முழுக்க இரண்டாம் வகுப்பு. அப்போ அங்க சாதாரண ஜனம் போனது மூணாம் வகுப்புல.

தேதியைக் கவனிச்சீங்களா? ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி. வண்டி அதுக்கு முன்னாடியே தயாராகி, சோதனை ஓட்டமும் ஓடிடுச்சு. வேலை பார்த்தது பழைய ஆட்சிக் கால எஞ்சினியர்கள், 'நவீன ஜெர்மனி'னு பெருமை பேசினது புது ஆட்சி. ரிலீஸ் அன்னைக்கு மேடையில யாரு நின்னாங்களோ அவங்களுக்கே கைதட்டல். இது நமக்கும் தெரிஞ்ச கதைதான்.

அந்த ஆட்சிதான் இதை நிறுத்தவும் செஞ்சது. 1939-ல போர் தொடங்கினதும் டீசல் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது, சேவை நின்னு போச்சு. போருக்கு அப்புறம் நாடே ரெண்டாச்சு. பெர்லின்-ஹாம்பர்க் பாதைக்குக் குறுக்கே எல்லை வந்துடுச்சு.

அந்த 138 நிமிஷத்தை விட வேகமா ஒரு ரயில் அங்க வழக்கமா ஓட ஆரம்பிச்சது 1997-ல. 64 வருஷம் கழிச்சு!

பழைய வண்டியில மிச்சம் இருக்கிற ஒரு பகுதி இப்போ நியூரெம்பெர்க் ரயில்வே மியூசியத்துல நிக்குது. அந்தப் பக்கம் போனா பார்த்துட்டு வாங்க.